பினாங்கு வீட்டு நிலைப்படி

பேகம்பூர், திண்டுக்கல்
8 ஜனவரி 2024

அன்புள்ள குப்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஃபர்ஹீன், உங்கள் தம்பி இஷாக்கின் மகள். நீங்கள் கடைசியாக இங்கே வந்தபோது எனக்கு ஒன்பது வயது. நீங்கள் இருந்த நாள் முழுக்கக் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். "இந்தப் புள்ளைக்கு வாய் இருக்கா இல்லையா?" என்று அம்மாவிடம் கேட்டீர்கள். இருக்கிறது குப்பி. ஆட்களுக்கு முன்னால் வருவதில்லை, போனிலும் வருவதில்லை. அதோடு அத்தா உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறார். அதனால்தான் கடிதம். நீங்கள் முன்பு அனுப்பிய பார்சல் அட்டையில் இந்த முகவரி இருந்தது. அதே வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. யாராவது சொல்லியிருப்பார்கள். வலது கையும் வலது காலும் வராது. பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அத்தா தோல் மண்டியிலிருந்து மதியம் ஒருமுறை வந்துவிட்டுப் போவார்.

நான் எழுதுவது நிலைப்படியைப் பற்றி. அம்மா படுத்திருக்கும் அறைக்கும் முற்றத்துக்கும் நடுவில் ஒன்று, கூடத்துக்கு ஒன்று, தலைவாசலுக்கு ஒன்று. மூன்றும் முழங்கால் உயரத் தேக்குப் பலகைகள் என்பது உங்களுக்குத் தெரியும். குளியலறை முற்றத்தைத் தாண்டி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அத்தா அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார், நான் காலைப் பிடிப்பேன். அந்தப் பக்கம் கீழே உட்கார வைத்துவிட்டு, சக்கர நாற்காலியைத் தூக்கி வைத்து, அம்மாவை மறுபடி அதில் ஏற்றுவோம். அத்தா இல்லாத நேரத்தில் அம்மா அடக்கிக்கொண்டு இருப்பார்கள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள்.

அறை வாசலில் உள்ள அந்த ஒரு படியை மட்டும் அறுத்து எடுக்கலாம் என்று அத்தாவிடம் சொன்னேன். "உன் குப்பிக்கு இதுல பாதிப் பங்கு. அவ பேச்சு இல்லாம இந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்க மாட்டேன். அவகிட்ட கேக்கவும் மாட்டேன்" என்றார். மாடிப்படிக்கு மேலே இருந்த மரப்பூப் பலகையை அவர் காரைக்குடி வியாபாரிக்குக் கொடுத்ததற்காக நீங்கள் சொந்தக்காரர்கள் முன்னால் அவரைத் திட்டினீர்களாம். அன்றைக்கு அத்தா சொன்ன சொல் இது. எட்டு வருடமாக அதிலேயே நிற்கிறார். போன மாதம் ஜன்னல் கொக்கி ஒன்று விழுந்தது. அதைக்கூட நூல் போட்டுக் கட்டித்தான் வைத்திருக்கிறார்.

அவர் கேட்க மாட்டார், அதனால் நான் கேட்கிறேன். ஒரு படி மட்டும்.

வீடு அப்படியே இருக்கிறது. கூரையின் நான்கு மூலையும் இன்னும் மாட்டுக் கொம்பு மாதிரி மேலே வளைந்துதான் இருக்கின்றன. முகட்டில் இருக்கும் முகம் செதுக்கி எடுத்த டிராகனைத் தெருப் பிள்ளைகள் மூஞ்சி இல்லாத பாம்பு என்கிறார்கள். போன வாரம் கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் படம் எடுக்க வந்தார்கள். அதில் ஒருவர் தலைவாசல் படிமேல் ஷூக்காலோடு ஏறி நின்றுவிட்டார். உள்ளே இருந்த அம்மா, பேச்சே சரியாக வராத அம்மா, "ஏலே, எறங்கு!" என்று கத்தினார்கள். அவர் பயந்து குதித்தார். அன்றைக்குத்தான் அம்மா சிரித்ததைப் பார்த்தேன்.

பதில் எழுதுங்கள்.

ஃபர்ஹீன்


ஜார்ஜ் டவுன், பினாங்கு
29 ஜனவரி 2024

ஃபர்ஹீன்,

வ அலைக்கும் ஸலாம். உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. உன் அத்தாவுடையது கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் இதை அவன் எழுதவில்லை என்பது தெரிகிறது. எழுதச் சொன்னானா என்பதுதான் தெரியவில்லை.

உன் அம்மா சைனம்புக்கு இப்படி ஆனதை மூன்றாம் ஆள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அன்றைக்குக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன், சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன். அவளுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஆனால் நீ கேட்பதற்கு நான் சரி என்று சொல்ல முடியாது.

அந்த வீட்டை யார் கட்டியது என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்களா? என் அத்தாவின் அத்தா சனாவுல்லா ராவுத்தர் ஆட்டுத்தோல் ஏற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். இங்கே அவருக்குத் துணையாக இருந்த சீன வியாபாரியின் வீட்டைப் பார்த்து, இதே மாதிரி எனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். இங்கிருந்தே இரண்டு சீனத் தச்சர்களைக் கப்பலில் கூட்டிப் போனார். நிலைகள், கதவுகள், வட்ட ஜன்னல், முற்றத்தில் பதித்த பச்சை ஓடு எல்லாம் கப்பலில் போனவைதான். அவர் பெண்டாட்டி, நம் வீட்டுப் பெரியம்மா, செதுக்கிய பறவைக்கும் டிராகனுக்கும் முகம் இருந்தால் வீட்டில் தொழ முடியாது என்று அழுதார்களாம். தச்சர்கள் முணுமுணுத்துக்கொண்டே முகத்தை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார்கள். வெயில் தாங்கவில்லையாம் அவர்களுக்கு.

அந்தப் படியை மிதிக்காமல், வலது காலைத் தூக்கி வைத்துத் தாண்டித்தான் நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் உள்ளே வந்தார்கள், வெளியே போனார்கள். பினாங்குக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கால் நீளம் என்று ஊரே கேலி பேசும். உன் அம்மா கல்யாணத்தன்று புடவை தடுக்கி விழப் போனாள், நான்தான் பிடித்தேன்.

முதலில் ஒரு பூப்பலகை போனது. இப்போது ஒரு படி. அப்புறம் ஒரு கதவு. காரைக்குடிக்காரன் காத்துக்கொண்டிருப்பான். உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, பிள்ளை. ஆனால் உன் அத்தாவோடு கூடப் பிறந்தவள் நான்.

இரண்டு பக்கமும் சாய்வாகப் பலகை போட்டு நாற்காலியை ஏற்றிப் பாருங்கள். இங்கே ஆஸ்பத்திரியில் அப்படித்தான் செய்கிறார்கள். அறுக்க வேண்டாம்.

என் இரண்டு முழங்காலும் போய்விட்டன. இல்லாவிட்டால் நேரில் வந்து சொல்லியிருப்பேன். மாடியில் இருந்து கடைக்கு இறங்கவே ஒரு ஆள் தேவைப்படுகிறது.

அஜீஸுன்னிசா


பேகம்பூர்
17 பிப்ரவரி 2024

அன்புள்ள குப்பிக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் வந்த மறுநாளே பலகை போட்டோம். அறை சின்னது. கட்டிலுக்கும் படிக்கும் நடுவில் நாற்காலி திரும்பும் அளவுதான் இடம். அவ்வளவு உயரத்துக்கு அந்த இடத்தில் பலகை போட்டால் அது சாய்வாக இல்லை, ஏணியாகத்தான் நிற்கிறது. அத்தா பின்னாலிருந்து தள்ளினார். உச்சிக்குப் போனதும் நாற்காலி அப்படியே பின்னால் வந்தது. அத்தா தன் உடம்பைக் கொடுத்து நிறுத்தினார். அம்மாவுக்கு நெற்றியில் நிலைக்கால் இடித்து வீங்கியது. அத்தாவுக்கு இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. டாக்டர் பாரம் தூக்கக் கூடாது என்று பெல்ட் போட்டுவிட்டிருக்கிறார். மண்டிக்கும் போகவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நாற்காலி போதும் போலருக்கே, சைனம்பு" என்கிறார். அம்மா சிரிக்கவில்லை.

இப்போது அம்மாவைத் தூக்க ஆள் இல்லை. என்னால் தனியாக முடியாது. முயன்று பார்த்தேன். அம்மா அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. எல்லாம் படுக்கையிலேயே. நான் துணி துவைக்கிறேன், காய வைக்கிறேன், மறுபடி துவைக்கிறேன். அம்மா ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். எனக்கு அது கஷ்டம் இல்லை குப்பி. அவர்கள் கண்ணை மூடிக்கொள்வதுதான் கஷ்டம்.

அம்மாவை முன் அறைக்கு மாற்றலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அங்கிருந்தும் குளியலறைக்குக் கூடத்துப் படியைத் தாண்ட வேண்டும்.

அத்தாவுக்குத் தெரியாமல்தான் உங்களுக்கு எழுதினேன். உங்கள் பதில் அவர் கைக்குப் போய்விட்டது. தபால்காரர் அவரிடம் கொடுத்துவிட்டார். படித்துவிட்டு என் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. காரைக்குடி என்று எழுதியிருந்த பக்கம் மட்டும் கசங்கியிருந்தது.

நீங்கள் சொன்ன கதைகளை அம்மாவிடம் வாசித்தேன். கல்யாணத்தன்று நீங்கள் பிடித்ததைச் சொன்னபோது, "மதினி கை… இரும்பு" என்றார்கள். பிறகு, "வாசல்ல ஒக்காரணும்" என்றார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வெளியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்க வேண்டுமாம். நோய் வந்ததிலிருந்து அம்மா பார்த்த வெளி, முற்றத்துக்கு மேலே தெரிகிற வானமும் ஆஸ்பத்திரி வேனும்தான்.

தயவுசெய்து மறுபடி யோசியுங்கள். இனிமேல் கேட்க எனக்கு வேறு வார்த்தை இல்லை.

ஃபர்ஹீன்


ஜார்ஜ் டவுன்
6 மார்ச் 2024

என் ஃபர்ஹீன்,

இது கைக்கு வந்ததும் முதலில் அறுக்கிற வாளை எடுத்துத் தூர வை. எதையும் அறுக்க வேண்டாம். ஆனால் இந்த முறை வேறு காரணம்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வீடு சீனர் வீடு. நம் வீட்டை யாரோ அச்சடித்த மாதிரி இருக்கும். அதே இரட்டைக் கதவு, அதே முழங்கால் உயரப் படி. அந்த வீட்டுப் பையன் வேலை முடிந்து வந்தான். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினான். குனிந்து, அந்தப் படியின் இரண்டு முனையையும் பிடித்து மேலே தூக்கினான். படி கையோடு வந்துவிட்டது. அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மோட்டாரை உள்ளே உருட்டிப் போனான். திரும்பி வந்து படியை எடுத்துப் பழையபடி இறக்கிவிட்டான். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

முப்பது வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். ஒரு நாள்கூட எழுந்து என்ன என்று பார்த்ததில்லை. அவன் அப்பனும் இப்படித்தான் சைக்கிளை ஏற்றுவான்.

ஆள் பிடித்து இறங்கிப் போய்க் கேட்டேன். பையன் சிரிக்கிறான். பல்லக்கும் பெட்டியும் போக வேண்டுமே அக்கா, எடுக்காமல் எப்படி என்கிறான். நிலைக்காலில் இரண்டு பக்கமும் காடிப் பள்ளம் வெட்டியிருக்கிறது. பலகை அதில் மேலிருந்து இறங்கி உட்கார்ந்திருக்கிறது. ஆணியே கிடையாது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு ஐந்தாறு வயதில் நம் வீட்டுப் படிகள் ஆடும். கால் பட்டால் கடகடவென்று சத்தம் வரும். சீனத் தச்சன் வெயிலுக்குப் பயந்து அவசரத்தில் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பேசிக்கொள்வார்கள். ஒரு நோன்புக்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிட்டு, ஆடாமல் இருக்க இரண்டு ஓரத்திலும் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். அதற்கு மேல் வருடா வருடம் பச்சைப் பெயிண்ட். கழற்றுவதற்காக ஆடியதை, பழுது என்று நினைத்து மூன்று தலைமுறையாகக் காலைத் தூக்கிக்கொண்டு இருக்கிறோம்.

நிலைக்கால் ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டு. சிமெண்டைக் கொத்தி எடு. பலகையை மேலே தூக்கு. வந்துவிடும்.

அத்தாவின் இடுப்பு எப்படி இருக்கிறது? அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீம்புக்குப் பாரம் தூக்குகிற பழக்கம்.

குப்பி


பேகம்பூர்
9 மார்ச் 2024

அன்புள்ள குப்பிக்கு,

உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நேற்று அறுத்துவிட்டோம்.

அறுத்துவிட்டோம் என்பது சரியில்லை. அறுக்கச் சொன்னது நான். வியாழக்கிழமை அம்மாவின் முதுகில் சிவப்பாக ஒரு இடம் பார்த்தேன். படுக்கைப் புண் ஆரம்பம் என்று நர்ஸ் சொன்னார். நேற்றுக் காலையில் முத்துச்சாமி ஆசாரி பட்டறைக்குப் போனேன். வாசலில் நின்றேன். அவர் இழைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வாய் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவரே, "யாரு பாப்பா நீ? செவத்துக்கு முட்டுக் குடுக்கவா வந்த?" என்றார். நிலைப்படி என்றேன். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. "எந்த வீட்டு நெலப்படி?" என்றார். கையை வளைத்துக் கூரைக் கொம்பைக் காட்டினேன். "அட, மூஞ்சி இல்லாத பாம்பு வீடா!" என்று வாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அத்தா ஆசாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அறுக்கிற சத்தம் முடிகிற வரைக்கும் அங்கே நடக்கிற சத்தம் கேட்டது.

தேக்கு இறுகிக் கல்லாகக் கிடந்தது. ஆசாரி இரண்டு முறை வாளை மாற்றினார். "இம்புட்டு மரத்த அறுக்குறதுக்கு வயிறு எரியுது பாப்பா" என்றார். நடுவில் அறுத்து முடித்துவிட்டு, ஓரத்துச் சிமெண்டைக் கொத்தினார். உடனே இரண்டு துண்டும் ஆடி, தானாகவே அவர் கையோடு வந்தன. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இதுல ஆணியக் காணமே. இவ்வளவு நாளும் எதுல நின்னுச்சு?" என்று காடியில் விரலை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கும் புரியவில்லை.

அத்தா இறங்கி வந்து பார்த்தார். "நான் தொடலை. அம்புட்டுத்தான்" என்றார்.

மற்ற இரண்டு படிகளையும் தொடவில்லை. அதற்கு நான் கேட்கவில்லை. நேற்று மதியம் அம்மாவை நான் ஒருத்தியே குளியலறைக்குத் தள்ளிப் போனேன். தலைக்கு ஊற்றினேன். ரொம்ப நேரம் ஊற்றச் சொன்னார்கள். அதற்குப் பிறகு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்கள்.

துண்டுகளை விற்கவில்லை. என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. வாளால் அறுத்த இடம் இன்னும் மணக்கிறது. நீங்கள் திட்டினால் என்னைத் திட்டுங்கள். அத்தாவை வேண்டாம்.

ஃபர்ஹீன்


ஜார்ஜ் டவுன்
26 மார்ச் 2024

ஃபர்ஹீன்,

நம் இரண்டு கடிதமும் கடலுக்கு மேலே எங்கேயோ ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். படிக்காகத்தான் முதலில் அழுதேன், பொய் சொல்லவில்லை. இரண்டாம் முறை படித்தபோது அந்த இரண்டு டம்ளர் தண்ணீர் இருக்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

நான் முதல் கடிதத்திலேயே சரி என்று எழுதியிருந்தால் ஆசாரி அப்போதே அறுத்திருப்பார். வேண்டாம் என்று எழுதியதால் உன் அத்தாவின் இடுப்பு போனது, கடைசியில் அறுக்கவும் செய்தாய். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பலகை தப்பியிருக்காது. கணக்குப் பார்க்க எனக்குச் சோர்வாக இருக்கிறது.

மிச்சம் இரண்டையும் தூக்கி எடுத்துவிடு. என் பங்கு, உன் அத்தா பங்கு என்று பார்க்க வேண்டாம். உன் அம்மாவை வாசலுக்குக் கொண்டு போ.

நோன்பு நேரம், கடையில் கூட்டம். முழங்கால் இன்னும் அப்படியேதான்.

குப்பி


பேகம்பூர்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள குப்பிக்கு,

ஸலாம். மார்ச் ஆறாம் தேதிக் கடிதம் நோன்பு பாதியில் வந்தது. அதை அம்மாவுக்கும் அத்தாவுக்கும் சத்தமாக வாசித்தேன். அத்தா முன்னால் நான் சத்தமாக வாசித்தது அதுதான் முதல் தடவை. மோட்டார் இடம் வந்ததும் அத்தா, "இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். "முப்பது வருசமா எதிர்த்த ஜன்னல்ல ஒக்காந்து என்னத்தப் பாத்தாளாம்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பு வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டும் சிரித்தார். அம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிற துண்டுகள்தான் ஞாபகம் வந்தன.

இரண்டாவது கடிதம் பெருநாளுக்கு முந்தின நாள் கிடைத்தது. முத்துச்சாமி ஆசாரியைக் கூப்பிட்டேன். இந்த முறை வாசலிலிருந்தே, "ஆசாரி, வாங்க" என்று சொல்ல முடிந்தது. சிமெண்டைக் கொத்தினார். கூடத்துப் படியும் தலைவாசல் படியும் நீங்கள் சொன்ன மாதிரியே மேலே வந்தன. "டக்குன்னு வருது! அன்னைக்கே சொல்லக் கூடாதா பாப்பா?" என்று என்னைத் திட்டினார்.

பெருநாள் காலையில் அம்மாவுக்குப் புதுப்புடவை உடுத்தி, நாற்காலியில் வைத்து நான் தள்ளினேன். நம் வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. படி இல்லை என்று தெரிந்தும் அந்த இடம் வந்தால் எல்லாரும் காலைத் தூக்கிவிடுகிறோம். அத்தா தூக்குகிறார், நான் தூக்குகிறேன். பிரியாணி கொண்டு வந்த பக்கத்து வீட்டு ஜெயமேரி அக்காகூடத் தூக்கினார். பார்ப்பதற்குக் கோழி நடக்கிற மாதிரி இருக்கும். அன்றைக்கு அம்மா அறை வாசலில் ஒன்றும் செய்யவில்லை. கூடத்திலும் செய்யவில்லை. தலைவாசலுக்கு வந்ததும் சேலைக் கொசுவத்தை இடது கையால் பிடித்துக்கொண்டார்கள். வலது கால் முதலில் போக வேண்டும் என்பதுதானே வழக்கம். அது வரவில்லை. இடது காலைத் தூக்கி, நாற்காலியின் மிதிப்பலகையிலிருந்து ஒரு சாண் மேலே, அந்த இடம் தாண்டுகிற வரைக்கும் அப்படியே வைத்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் தெருவைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிக் கூரையைத்தான் பார்த்தார்கள். கொம்பு நான்கும் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். தொழுகை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். கதவு ரொம்பத் தள்ளி இருந்தது. அதனால் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அறுத்த துண்டுகளை ஆசாரி உள்ளே மரமுளை வைத்துச் சேர்த்துக் கொடுத்தார். கோடு தெரியத்தான் செய்கிறது. தூக்கிப் போட்டால் காடியில் உட்காருகிறது. மூன்று படியும் இப்போது கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் கொக்கிக்குக் கட்டிய நூலை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டே, "முழங்கால் இன்னும் அப்படியேதான்னு எழுதியிருக்காளே" என்றார். ஆமாம் என்றேன். "அந்தப் படியால்தான் அவ வரலையோ என்னவோ" என்றார். நான் உங்களை வரச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வான்னு எழுதாத. கேக்க மாட்டேன்னு சொன்னவன் நான்" என்றார். எழுந்து போனவர், கூடத்தில் இல்லாத படியைத் தாண்டிவிட்டு நின்றார். "படி இல்லைன்னு மட்டும் எழுது."

எழுதிவிட்டேன், குப்பி.

ஃபர்ஹீன்